பள்ளியின் சமயம் யாருடையது

கடலூர் புதுநகரில் இருக்கும் புனித வளனார் மேல்நிலைப் பள்ளி 1868இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் புதுச்சேரியில் இருந்து பணியாற்றிய பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரண்டாம் தரக் கல்லூரியாகவும் அது சில காலம் நடந்தது. இன்று அது அரசு உதவி பெறும் பள்ளி. தாளாளராகக் குரு ஒருவர் இருக்கிறார். ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. மாணவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். கூரையின் மேல் சிலுவை நிற்க, கீழே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் பாடலீசுவரரோ, அங்காளம்மனோ, அல்லாவோ வழிபாடு பெறுகிறார்கள். அப்படியிருக்கையில் இதைக் கத்தோலிக்கப் பள்ளி என்று சொல்ல வைப்பது எது? கட்டடமா, நிலப்பத்திரத்தில் உள்ள மறைமாவட்டத்தின் பெயரா, பாடவேளையா, நடத்துபவர்களின் நம்பிக்கையா? தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஆர்.சி. பள்ளி என்று அழைக்கப்படும் எல்லாப் பள்ளிகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கடலூரில் அதற்கு வயது அதிகம்.

பள்ளி என்ற சொல்லே சமயத்திலிருந்து வந்தது. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். துறவிகள் அங்கே பிறருக்கும் எழுத்தும் நூலும் கற்பித்ததால் கற்குமிடமே பள்ளி ஆயிற்று. கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுத்திரம் என்ற பெயரில் அப்படிப்பட்ட சமணக் கல்வி மையமாக இருந்தது. சர்வநந்தி என்ற முனிவர் உலகின் அமைப்பை விளக்கும் லோகவிபாகம் என்னும் பிராகிருத நூலைப் பாடலிகா என்ற ஊரில் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், முடித்தார். காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு அது. மூலநூல் மறைந்து, சிம்மசூரி சமஸ்கிருதத்தில் செய்த வடிவம்தான் இன்று கிடைக்கிறது. அந்தப் பாடலிகா இந்தத் திருப்பாதிரிப்புலியூரே என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள்.

அந்தச் சமணப் பள்ளியின் புகழ்பெற்ற மாணவர் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர். பெரியபுராணம் சொல்லும் வரலாற்றின்படி, திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயரோடு பிறந்த அவர் பாடலிபுத்திரத்தில் சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை நிலைக்கு உயர்ந்தார். பிறகு சூலைநோய் வந்து, தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பிச் சைவரானார். சமணம் சார்ந்த மன்னனின் ஆணையால் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் எறியப்பட்டவர் கரையேறிய இடமும் இதே ஊர். கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரில் அந்த நினைவு நிலைத்திருக்கிறது. பின்னர் மன்னனும் மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்கிறது புராணம். கல்விச் சிந்தனைக்கு இந்த வரலாறு தரும் பாடம் கூர்மையானது. ஒரு சமயம் தன் பள்ளியில் ஒருவருக்குக் கல்வி தரலாம், பதவி தரலாம், புதுப்பெயரும் தரலாம். அவர் கடைசியில் எதை நம்புவார் என்பதை அந்தப் பள்ளி தீர்மானிக்க முடியாது. கற்பித்த பள்ளிக்கு எதிராக மிக வலிமையாகப் பேசியவர் அங்கேயே படித்தவர்தான்.

கத்தோலிக்கக் கல்வி இந்தக் கரைக்கு வந்த வழி புதுச்சேரி வழி. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், 1776இல் அதன் கர்நாடகப் பணித்தளத்தைப் பாரிஸ் சபைக் குருக்கள் ஏற்றனர். ஆயர் பொன்னாந்த் காலத்தில் 1844இல் கூடிய புதுச்சேரி ஆயர்மன்றம் இரண்டு முடிவுகளை முன்வைத்தது: உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பள்ளிகளைத் திறப்பது. அதே ஆண்டில் துப்புயி அடிகளார் பெண்கல்விக்கென மரியாளின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். மூசே அடிகளாரோடு சேர்ந்து தமிழ் – பிரெஞ்சு அகராதியை 1855, 1862 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டவரும் இந்தத் துப்புயிதான். ஆக, இவர்களிடம் பள்ளி தனியாக நிற்கவில்லை. அச்சகம், அகராதி, கன்னியர் மடம், குருமடம் எல்லாம் சேர்ந்த ஒரே முயற்சியின் கிளையாகவே அது வந்தது. புதுச்சேரி 1886இல் உயர்மறைமாவட்டமானது. 1953இல் புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டம் என்று பெயர் மாறியது. கடலூரின் பெயர் அந்தத் தலைப்பில் ஏறியதற்கு இந்தப் பகுதியின் பழைய பங்குகளும் பள்ளிகளும் துணைநின்றன என்று கொள்வதில் தவறில்லை.

1868 என்ற ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில ஆண்டுகளில் இந்தச் சிறு நிலப்பகுதியில் நடந்தவை வியப்பூட்டுபவை. 1864இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1867இல் வள்ளலார் வடலூரில் சத்திய தருமசாலையில் அடுப்பேற்றினார். 1868இல் கடலூரில் கத்தோலிக்கப் பள்ளி வந்தது. 1869இல், வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று அழைப்பது பற்றி நாவலருக்கும் அவருக்கும் இடையிலான பூசல் வழக்காகி மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது. 1872இல் வடலூரில் சத்திய ஞானசபை எழுந்தது. ஒரு நாள் நடையில் கடந்துவிடக்கூடிய தூரத்துக்குள், சமயம் மக்களுக்கு என்ன தர வேண்டும் என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் நின்றன. நாவலர் நூலறிவும் ஒழுக்கமும் தர முனைந்தார். வள்ளலார் முதலில் சோறு போட்டார். குருக்கள் பொதுத் தேர்வுக்குரிய பாடத்தோடு மறைக்கல்வியைச் சேர்த்தார்கள்.

இவர்களில் நாவலரின் வழி கத்தோலிக்கப் பள்ளியைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுகிறது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் சபைப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர் அவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைசெய்தவர். 1848இல் அந்த வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி அமைத்தார். மிஷன் பள்ளியின் வகுப்பு முறை, அச்சிட்ட பாலபாடம், கேள்வியும் பதிலுமாகச் சமயம் கற்பிக்கும் வினாவிடை ஆகிய மூன்றையும் சைவத்துக்குக் கொண்டுவந்தார். ஞானோபதேசப் புத்தகத்தின் வடிவம் சைவ வினாவிடையாக மாறியது. பாடலிபுத்திரத்தில் அப்பருக்கு நேர்ந்தது யாழ்ப்பாணத்தில் நாவலருக்கும் நேர்ந்தது: பள்ளி கொடுத்த கருவியைக் கொண்டே பள்ளியின் சமயத்துக்கு விடை எழுதப்பட்டது. இதை மிஷன் பள்ளியின் தோல்வி என்று எழுதுவது வழக்கம். கல்வி உண்மையாகவே நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று கிடைப்பது அரிது என்றும் சொல்லலாம். அதுவே சரியான மதிப்பீடாகத் தோன்றுகிறது. நாவலர் பெயரில் சிதம்பரத்தில் நடக்கும் மேல்நிலைப் பள்ளியும் இன்று அரசு உதவி பெறும் பள்ளிதான். கடலூர்ப் பள்ளி நிற்கும் அதே கேள்வியின் முன் அதுவும் நிற்கிறது.

கடலூர் அன்று தென்னார்க்காட்டின் மாவட்டத் தலைநகர். கலெக்டர் கச்சேரியும் நீதிமன்றங்களும் இருந்த ஊரில் எழுத்து வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டது. 1854ஆம் ஆண்டின் கல்விச் சுற்றறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் முறையை வகுத்தது. உதவி பெறும் பள்ளியில் கற்பிக்கப்படும் சமயத்தை அரசு ஆய்வாளர் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்றும் விட்டுவிட்டது. பிரெஞ்சுக் குருக்கள் பிரிட்டிஷ் மாவட்டத்தில் ஆங்கிலக் கல்விக் கூடம் நடத்த முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். சைவ, வைணவக் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பியது சமயம் தேடி அல்ல. பரீட்சையில் தேற வேண்டும், ஒழுங்கு வர வேண்டும் என்பதற்காக. குருக்கள் அதை அறிந்தே சேர்த்துக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடு ஒன்று இருந்தது. பள்ளியின் குணத்தை வார்த்தது அந்த உடன்பாடு. சற்றுத் தள்ளி, திருப்பாதிரிப்புலியூர் வீரசைவ மடத்தின் தலைவர் ஞானியாரடிகள் 1942 வரை தமிழும் சைவமும் கற்பித்து வந்தார். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் தோன்றியது அவருடைய முயற்சியால். மடத்தில் சித்தாந்தம், பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டு இடங்களிலும் கால்வைத்த தலைமுறை இந்த ஊரில் வளர்ந்தது.

ரோமாபுரியின் போதனையோ வேறு திசையில் இருந்தது. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1864இல் வெளியிட்ட தவறுகளின் பட்டியல், கத்தோலிக்க நம்பிக்கையிலிருந்து பிரிந்து நிற்கும் பள்ளிக்கல்வியைக் கண்டித்தது. பதினோராம் பத்திநாதர் 1929இல் எழுதிய கல்வி பற்றிய சுற்றுமடல் இன்னும் தெளிவாகப் பேசியது. சமய பாடம் ஒன்று நடப்பதால் மட்டும் ஒரு பள்ளி கத்தோலிக்கப் பள்ளி ஆகிவிடாது; ஆசிரியர், பாடத்திட்டம், புத்தகம், ஒழுங்கு அனைத்திலும் கிறிஸ்தவ உணர்வு ஊடுருவ வேண்டும் என்பது அதன் நிலை. பல சமயத்தாரும் கலந்து படிக்கும் பள்ளிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் போகக் கூடாது, விதிவிலக்கை ஆயரே தீர்மானிக்க வேண்டும் என்றும் அது கூறியது. கத்தோலிக்கர் நிறைந்த ஐரோப்பிய நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சொற்கள் இவை. கடலூரில் கத்தோலிக்கப் பள்ளியே கலப்புப் பள்ளியாக இருந்தது. சட்டம் ஒரு மாதிரியும் வகுப்பறை வேறு மாதிரியுமாக ஏறத்தாழ நூறு ஆண்டு கழிந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இந்த இடைவெளியைக் குறைத்தது. கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையும் அக்டோபர் 28 அன்று ஒரே நாளில் வெளிவந்தன. சமயச் சுதந்திரம் பற்றியது டிசம்பர் 7இல் வந்தது. புதிய திருச்சபைகள் உள்ள நாடுகளில் கத்தோலிக்கர் அல்லாதாரும் படிக்கும் பள்ளிகள் திருச்சபைக்கு மிகவும் அருமையானவை என்று கல்வி அறிக்கை குறிப்பிட்டது. கத்தோலிக்கப் பள்ளியின் அடையாளத்தைப் பாடப்பொருளில் மட்டும் வைக்காமல், நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிலவும் சூழலில் வைத்தது. ஏழைகள், குடும்ப ஆதரவு இல்லாதவர்கள், நம்பிக்கைக் கொடை பெறாதவர்கள் ஆகியோருக்கு முதலிடம் கேட்டது. கடலூர் போன்ற ஊர்கள் தேவைக்காகச் செய்துவந்ததற்குக் கோட்பாடு பின்னால் வந்து சேர்ந்தது எனலாம்.

இந்தக் கோட்பாட்டை விளக்கப் பள்ளியின் பெயரே போதுமானது. பேச்சுவழக்கில் சூசையப்பர் எனப்படுபவரை வளன் என்று தமிழாக்கியவர் வீரமாமுனிவர். 'பெருகுவானாக' என்ற பொருள்தரும் எபிரேயப் பெயரை வளம் என்ற சொல்லோடு இணைத்தார். 1726இல் முடித்த தேம்பாவணியில், 36 படலங்களிலும் 3,615 பாடல்களிலும் அவரையே காப்பியத் தலைவராக்கினார். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. தச்சுவேலை செய்தார், தன் மகன் அல்லாத பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக் காத்து வளர்த்தார், அந்தப் பிள்ளை யாருடையது என்று அறிந்தே வளர்த்தார். வேறு வீட்டு, வேறு சமயப் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்துக் காக்கும் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான காவலர் கிடையாது. வளர்ப்புத் தந்தைக்குக் கடமை முழுவதும் உண்டு, உரிமைக்கு எல்லை உண்டு. கத்தோலிக்கப் பள்ளியின் சமயம் முதலில் நடத்துபவர்களைக் கட்டுப்படுத்துவது. படிப்பவர்களைக் கட்டுப்படுத்துவது அல்ல. இப்படிக் கொள்ளும்போதுதான் பெயர்ப்பலகைக்கும் வகுப்பறைக்கும் உள்ள முரண் தீர்கிறது.

நடைமுறையில் இந்தக் கேள்வி நாள்தோறும் எழும் இடம் பாடவேளை அட்டவணை. இவ்வகைப் பள்ளிகளில் வாரத்தில் ஓரிரு பாடவேளைகளில் மணியடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் இருப்பார்கள். மறைக்கல்வியில் பத்துக் கட்டளை, திருவருட்சாதனங்கள், புனிதர் வரலாறு. நன்னெறியில் உண்மை பேசுதல், பெரியோரை மதித்தல், நேரந்தவறாமை, கதைகள். இதில் இரு பக்கத்திலிருந்தும் குறை சொல்லப்படுகிறது. மதமாற்றத்துக்கு மறைமுக வழி என்பது வெளியிலிருந்து வருவது. கத்தோலிக்கம் நீர்த்துப்போய்ப் பொதுவான நல்லொழுக்கமாகிவிட்டது என்பது உள்ளேயிருந்து வருவது. முதலாவதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறே பதில்: தலைமுறை தலைமுறையாகப் படித்து வெளிவந்த பெருவாரியானவர்கள் சேர்ந்தபோது இருந்த சமயத்திலேயே இருக்கிறார்கள். இரண்டாவது குறை எளிதில் தள்ளத்தக்கது அல்ல. நன்னெறிப் புத்தகங்கள் பல, எந்தச் சமயத்திலிருந்தும் பிறக்காத உப்பில்லாத அறிவுரைகளால் நிரம்பியிருக்கின்றன. ஏன் உண்மை பேச வேண்டும் என்று ஒரு பையன் கேட்டால், மறைக்கல்வி ஒரு பதில் சொல்லும், சைவ வினாவிடை ஒரு பதில் சொல்லும், அந்தப் புத்தகம் திகைத்து நிற்கும். கத்தோலிக்க, சைவ, இஸ்லாமியப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து தத்தம் வீட்டுச் சமயம் இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டறிந்தால் யாருக்கும் இழப்பு இல்லை. பிரித்து அனுப்பும் மணி பாதுகாப்பானது. ஆனால் பக்கத்துப் பையனின் கடவுளை அறியாமலே இருவரும் பள்ளியை விட்டுப் போகிறார்கள்.

பிரித்து அனுப்புவதற்குச் சட்டக் காரணம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) உறுப்பு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதமின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்யக் கூடாது என்கிறது. சிறுவர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். 30(1) உறுப்பு சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்கள் அமைத்து நடத்த உரிமை தருகிறது. 29(2) உறுப்பு, அரசு நிதி பெறும் நிறுவனத்தில் சமயம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி இடம் மறுப்பதைத் தடுக்கிறது. 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று தெளிவாக்கியது. 1974இல் அகமதாபாத் புனித சேவியர் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த நிர்வாக உரிமையின் பரப்பை விரித்துரைத்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் பள்ளிக்குச் சமயம் உண்டு, மாணவனுக்கு மனச்சாட்சி உண்டு, இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்ற நிலை கிடைக்கிறது. 1965இன் அறிக்கைகள் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

சட்டமும் கோட்பாடும் பொருந்திவிட்ட பிறகும் தீராத ஒன்று சாதி. கத்தோலிக்கப் பள்ளியின் உண்மையான சமயத் தேர்வு இங்கேதான் நடக்கிறது. தலித் சமூகத்தில் பிறந்த துறவி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகமும் பள்ளியும் அமைத்தார். அவரும் சிறுவயதில் திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர். கிறிஸ்தவராகாமல் சைவத்திலேயே நின்று, தில்லைக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நந்தனின் பெயரைப் பள்ளிக்கு வைத்தார். அப்பர், நாவலர் வரிசையில் மூன்றாவதாக வருபவர் அவர். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி வேறு: எந்தச் சமயத்தின் பள்ளி என்பது இருக்கட்டும், எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறக்கிறது? அந்தப் பள்ளி இப்போது அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது.

அதே கேள்வியைக் கத்தோலிக்கத் திருச்சபையிடமும் கேட்க வேண்டியிருந்தது. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். கோயிலில் தனி இடம், கல்லறையில் தனி இடம் என்ற வழக்கங்கள் மறைமாவட்டத்தின் பழைய பங்குகளில் நெடுங்காலம் நீடித்தன. 2008 மார்ச்சில் இதே உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் அது மோதலாகவும் துப்பாக்கிச் சூடாகவும் வெடித்தது. அரசு பக்கத்தில், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரான தலித் மக்களைப் பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். எனவே ஒரே தெருவைச் சேர்ந்த இரு பையன்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்து, மாற்றுச் சான்றிதழில் மதம் என்ற ஒரு கட்டத்தால் இரண்டு வகுப்பினராக வெளியே போகிறார்கள். ஒருவனுக்குக் கிடைக்கும் பட்டியல் சாதி இடஒதுக்கீடு மற்றவனுக்கு இல்லை. திருமுழுக்கு பெற்றதற்காக ஒரு பிள்ளை செலுத்தும் இந்த விலையைப் பள்ளி தன் விடுதியாலும் கட்டணச் சலுகையாலும் ஓரளவுக்குத்தான் ஈடுசெய்ய முடியும்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2007இல் வெளியிட்ட கல்விக் கொள்கை, தலித், பழங்குடி, ஏழைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று எழுதிவைத்திருக்கிறது. அதே காலத்தில் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவுகள் சுருங்கி, பல வளாகங்களில் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் நீண்ட வரிசை நிற்கிறது. உதவி பெறும் பள்ளிக்கு வருவோர் பெரும்பாலும் மீனவக் குப்பங்களிலிருந்தும் விவசாயக் கூலிக் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். கட்டணம் வாங்கும் பிரிவில் வசதியுள்ளவர்களும், வாங்காத பிரிவில் இல்லாதவர்களும் என்று ஒரே வளாகம் இரண்டாகப் பிரிந்தால், மறைக்கல்வி மணி பிரிப்பதைவிட ஆழமான பிரிவு அது. சேர்க்கை மேசையில் அமரும் தாளாளர் ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தக் கணக்கைப் போட்டாக வேண்டியிருக்கிறது: எத்தனை இடம் கட்டணத்துக்கு, எத்தனை இடம் கட்டணம் இல்லாதவர்களுக்கு.